ஆட்டுத் தடமும் ஏரிக்கரையும்

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில், 122 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட ஒரு தீவு இருக்கிறது. செயின்ட் ஹெலினா என்று சொன்னதும் நெப்போலியனின் இறுதி ஆறு ஆண்டுகள்தாம் நம்மில் பலருக்கும் நினைவில் எழும். ஆனால் இன்று அத்தீவுக்குச் செல்பவர்களில் கணிசமானோர் பேரரசனின் காலியான கல்லறைக்காக மட்டும் செல்வதில்லை. அங்குள்ள மலைத்தடங்களில் நடக்கவும் ஓடவும் செல்கிறார்கள். ஜேம்ஸ்டவுன் நகரிலிருந்து செங்குத்தாக மேலேறும் 699 படிகளை ஓடிக் கடக்கும் போட்டி அங்கே புகழ்பெற்றது. ஐந்து நிமிடங்களைச் சற்றே தாண்டிய நேரத்தில் ஏறி முடித்தவர்கள் உண்டு. தீவெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட தடங்கள் 'தபால்பெட்டி நடைகள்' என்ற பெயரில் பேணப்படுகின்றன. ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் ஒரு பெட்டி, அதனுள் ஒரு குறிப்பேடு, ஒரு முத்திரை. வந்து சேர்ந்தவர் தம் பெயரை எழுதி, முத்திரையைக் குத்திக்கொண்டு திரும்பலாம்.

இத்தடங்களைப் பற்றி எழுதுபவர்கள் காட்சியழகையும் ஏற்றத்தின் கடுமையையும் எழுதுகிறார்கள். அத்தடங்கள் யாருடைய கால்களால் உண்டாயின என்று கேட்பவர் குறைவு. அக்கேள்வியைக் கேட்க நமக்கு ஓர் உரிமை இருக்கிறது. அந்தத் தீவும், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள நம் பிள்ளைப்பாக்கமும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில் இருந்தவை. 1659-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் ஹெலினாவில் குடியேற்றம் அமைத்தது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1834-இல் தீவு பிரிட்டிஷ் அரசுக்குக் கைமாறும் வரை, இரண்டின் கணக்குகளும் லண்டனில் ஒரே கட்டடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. ஒரே எசமானனுக்குக் கீழிருந்த இரு நிலங்களில் பாதைகளுக்கு என்ன நேர்ந்தது, பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஒவ்வோரிடத்திலும் என்ன பொருள் உண்டாயிற்று என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

போர்த்துக்கீசிய மாலுமிகள் 1502-இல் செயின்ட் ஹெலினாவைக் கண்டபோது அங்கே மனிதர் இல்லை. நிலத்தில் மேயும் விலங்கு ஒன்றுமில்லை. உச்சியில் மேகம் தங்கும் காடு, சரிவுகளில் வேறெங்கும் காணக் கிடைக்காத மரங்கள். மேயும் வாயே இல்லாத நிலத்தில் முள்ளோ கசப்போ தேவைப்படாமல் வளர்ந்தவை அவை. திரும்பும் பயணத்தில் இறைச்சி வேண்டுமென்பதற்காக மாலுமிகள் ஆடுகளை அங்கே இறக்கிவிட்டார்கள்.

தீவின் முதல் குடிமகனும் இந்தியாவிலிருந்து திரும்பியவனே. ஃபெர்னாவ் லோபஸ் என்ற அந்தப் போர்த்துக்கீசிய வீரன், கோவாவில் தன் தரப்பை விட்டுப் பிஜப்பூர் சுல்தானின் படையோடு சேர்ந்துகொண்டவன். 1512-இல் அல்புகர்க்கின் தண்டனையாக மூக்கும் காதுகளும் வலது கையும் இடது கட்டைவிரலும் இழந்தான். தாய்நாடு திரும்பும் வழியில் கப்பலை விட்டிறங்கி இத்தீவில் தங்கிவிட்டான். 1545-இல் இறக்கும் வரை, இடையில் ஒருமுறை ஐரோப்பா சென்று போப்பாண்டவரிடம் பாவமன்னிப்புப் பெற்றுத் திரும்பியது தவிர, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தான். விதைகள் நட்டான், கால்நடைகள் வளர்த்தான். கப்பல் வருவதைக் கண்டால் ஒளிந்துகொள்வான் என்கின்றன அக்காலக் குறிப்புகள். தீவின் முதல் மனிதத் தடங்கள் இவ்வாறு ஓடி ஒளிய இடம் தேடிய ஒருவனுடையவை.

1588-இல் தாமஸ் கேவண்டிஷ் என்ற ஆங்கில மாலுமி வந்தபோது ஆடுகள் பெருமந்தைகளாகப் பெருகியிருந்தன. கம்பெனி வந்து சேர்ந்த காலத்திலும் கிழக்குச் சமவெளியில் 'பெருங்காடு' என்றழைக்கப்பட்ட மரத்திரள் இருந்தது. அதில் நிறைந்திருந்தவை கம்வுட் மரங்கள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடியினம் ஒன்று, கேட்பாரற்ற தீவில் மரமாகவே வளர்ந்துவிட்டது. அம்மரங்கள் அடுப்புக்கும் சாராயம் காய்ச்சவும் போயின. தோல் பதனிடுவோர் மரத்தை வெட்டாமலே பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு நிற்கவிட்டுச் சாகடித்தார்கள். வளர்ந்த மரத்தை மனிதன் எடுத்தான். முளைத்த கன்றை ஆடு எடுத்தது. ஒரு காடு அழிய இவ்விரண்டும் ஒருசேர நடந்தால் போதும்.

*

தீவுக்கும் சென்னைக்கும் அக்காலத்தில் இருந்த உறவு வெறும் கப்பல் நிறுத்தத்தோடு முடிந்துவிடவில்லை. செயின்ட் ஹெலினாவில் இருமுறை ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னைப் பட்டணத்தில் சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் முறையை விரிவாக எழுதி அனுப்ப, 1730-களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் அதை வெளியிட்டது. வெல்லமும் கடுக்காயும் கலந்த நம் கொத்தனார்களின் சாந்துக் கணக்கு ஓர் அட்லாண்டிக் தீவின் ஆளுநர் பெயரில் அச்சேறியது. கொத்தனார் எவர் பெயரும் அதில் இல்லை. வேலை செய்தவன் பெயரை விட்டு வேலையை மட்டும் குறித்துக்கொள்ளும் இந்த வழக்கத்தைத் தடங்களின் வரலாற்றிலும் நாம் காண்போம்.

காடு குறைவதைத் தீவிலிருந்த அதிகாரிகள் கவனிக்காமல் இல்லை. எஞ்சிய பெருங்காட்டைச் சுற்றி வேலி எழுப்ப முயன்றார்கள். 1731-இல் கட்டுக்கடங்காத ஆடுகளை அழிக்கும்படி ஆணை பிறந்தது. ஆனால் கம்பெனியின் கணக்கு வேறு. கருங்காலியைக் காக்க ஆடுகளைக் கொல்லலாமா என்று தீவிலிருந்து கேட்கப்பட்டபோது, ஆடுகளே கருங்காலியைவிடப் பயனுள்ளவை, ஆகையால் கொல்ல வேண்டாம் என்று லண்டன் இயக்குநர்கள் விடையளித்ததை ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1880-இல் வெளியான தம் 'தீவு வாழ்வு' நூலில் எடுத்துக்காட்டுகிறார். தீவினர் கருங்காலி என்றழைத்த அம்மரத்துக்கும் நம் கருங்காலிக்கும் உறவு இல்லை. அது செம்பருத்திக் குடும்பம். மரம் கறுப்பாக இருந்ததால் அப்பெயர் பெற்றது.

பாதைகளுக்கு வருவோம். தீவில் தோட்டங்களை உழுதவர்களும், விறகைச் சுமந்து மலையிறக்கியவர்களும், கோட்டைகளுக்குக் கல் ஏற்றியவர்களும் அடிமைகள். மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்காசியத் தீவுகள் என்று கம்பெனிக் கப்பல்கள் தொட்ட கரைகளிலிருந்தெல்லாம் கொண்டுவரப்பட்டவர்கள். 1792-இல் புதிய அடிமைகளை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. அதன்பின் 1810 முதல் சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். மலையின் முதுகுகளில் இன்று ஓடுபவர்கள் மூச்சிரைக்கும் வளைவுகள் பல, சுமையோடு ஏறியவர்கள் கண்டுபிடித்த வளைவுகள். சுமை உள்ளவன் நேராக ஏற மாட்டான். அவனுடைய களைப்புத்தான் பாதையின் வடிவம்.

*

இப்போது செங்கற்பட்டு ஜாகீருக்குத் திரும்புவோம். இங்கே கம்பெனிக்குக் கிடைத்தது ஆளற்ற தீவு அன்று. ஏரிகளாலும் வாய்க்கால்களாலும் பின்னப்பட்ட, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் கொண்ட பழைய நிலம். கம்பெனி 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளரைக் கொண்டு அதை அளந்தது. தரம்பாலும் அவர் வழியில் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினரும் ஆராய்ந்த அக்கணக்குகளில் ஊர்தோறும் இருந்த ஏரிகளும் தோப்புகளும் வீடுகளும் பதிவாகியுள்ளன. விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எவருக்கு மானிய நிலம் என்ற விவரமும் உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்பவருக்குக் களத்திலேயே பங்கு எடுத்து வைக்கப்பட்டது. நீர்க்கட்டி, கம்புகட்டி என்று பகுதிக்கொரு பெயரில் அழைக்கப்பட்ட அவர் நாள்தோறும் ஏரிக்கரையில் நடந்தார். கரையில் எலி வளை தோண்டியிருக்கிறதா, மதகில் கசிவு உண்டா, கலங்கலில் கல் பெயர்ந்ததா என்று பார்ப்பதே அவர் வேலை. அவர் நடந்ததால் கரையில் தடம் இருந்தது. தடம் இருந்ததால் கரை இறுகியது.

1780-இல் ஹைதர் அலியின் படை இந்நிலத்தில் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. சென்னைக்கும் காஞ்சிக்கும் நடுவே இருப்பதால் ஸ்ரீபெரும்புதூர்ச் சுற்றுவட்டாரம் அப்போரின் வழித்தடத்திலேயே இருந்தது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் பழுதாயின. அந்தப் போரில் பொறியாளர் பணியில் இருந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் அலெக்ஸாண்டர் பீட்சன். 1776-இல் சென்னைக் காலாட்படையில் சேர்ந்தவர். பிறகு காரன்வாலிஸ் திப்புவுக்கு எதிராக நடத்திய படையெடுப்புகளில் 'வழிகாட்டிகள்' பிரிவில் பணியாற்றினார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய படைக்கு அவரே தலைமை நிலஅளவையாளர்.

வழிகாட்டிகள் பிரிவின் வேலை, படை செல்லக்கூடிய வழிகளை அறிந்து எழுதி வைப்பது. எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்த ஏரிக்கரையில் பீரங்கி வண்டி போகும், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் இருக்கும் என்ற அறிவு வரைபடங்களில் இருக்கவில்லை. ஊர்க்காரர்களிடமும், செய்தி சுமந்து ஓடிய அரிக்காரர்களிடமும், தபால் ஓட்டக்காரர்களிடமும் இருந்தது. ஓட்டம் என்பது அந்நாளில் உடல்நலத்துக்கான பழக்கமாக இருக்கவில்லை. ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சாவடி வரை ஓடி, அங்கே காத்திருப்பவனிடம் கைமாற்றுவது ஒரு பிழைப்பு. 1786-இல் சென்னையில் தலைமை அஞ்சலகம் நிறுவப்பட்டபோதும் கடிதங்களை ஊர்களுக்குக் கொண்டு சேர்த்தவை ஓட்டக்காரர்களின் கால்களே.

இதே பீட்சன்தான் 1808-இல் செயின்ட் ஹெலினாவின் ஆளுநராகிறார். வறண்ட கரையும் மொட்டை மலையுமாக இருந்த தீவில் உழவைச் சீர்திருத்தினார், மரங்களை நட முயன்றார், தீவின் பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்துக் காடு எப்படி அழிந்தது என்பதை ஆராய்ந்தார். 1813-இல் பதவி முடிந்த பின், 1816-இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படை வாதம் எளியது: இந்நிலம் இயல்பிலேயே வறண்டதன்று; ஆடுகளைக் கட்டுப்படுத்தினால் மரம் மீளும். அந்நூலின் பிற்சேர்க்கையாகத் தீவின் தாவரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் தொகுத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னைப் பொது மருத்துவமனையில் பணி தொடங்கி, நாகூர்ப் பகுதியிலும் சாமர்லகோட்டையிலும் செடிகளை ஆராய்ந்து, பின் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானவர். நோயுற்றுத் தாய்நாடு திரும்பும் வழியில் 1813–14-இல் தீவில் தங்கியபோது அப்பட்டியலைத் தயாரித்தார். அழிவின் விளிம்பிலிருந்த தாவரங்களைப் பெயரிட்டு எண்ணிவைத்த தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையில் பழகிய கண்கள்தாம் அத்தீவின் இழப்பை முதலில் கணக்கிட்டன என்றால் மிகையாகாது.

*

பீட்சன் தீவில் ஆடுகளோடு மல்லாடிய காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, செங்கற்பட்டு ஜாகீரில் வேறுவகையான பாதுகாப்பு ஒன்று ஏற்கப்பட்டது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், போரில் பாழான ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தவர். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் தங்கும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் முறையிட, 1798-இல் அவர் அதற்குக் கவுல் எழுதிக் கொடுத்தார் என்பது அவ்வூர் வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்படுவது. பறவைகளின் எச்சம் ஏரி நீரை உரமாக்குகிறது, அந்நீர் வயலுக்குப் போகிறது. பறவைக்கும் பயிருக்கும் உள்ள இவ்வுறவை ஊரார் ஆட்சியரிடமிருந்து கற்கவில்லை. ஆட்சியர்தாம் ஊராரிடமிருந்து அறிந்துகொண்டார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தீவில் பாதுகாப்பு மேலிருந்து ஆணையாக வந்தது. அது லண்டனின் ஒரு கடிதத்தால் கவிழக்கூடியது. காட்டினால் பயன்பெறும் மக்கள் அங்கே உரிமையோடு இருக்கவில்லை, இருந்தவர்கள் அடிமைகள். மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற நிலையில் வைக்கப்பட்டவர்கள். வேடந்தாங்கலில் பாதுகாப்பு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. கம்பெனி அதற்கு ஒரு காகிதத்தை மட்டும் கொடுத்தது. அக்காகிதம் காலப்போக்கில் மங்கினாலும் பறவைகள் இருந்தன. ஏனெனில் காத்தவர்கள் கரையிலேயே இருந்தார்கள்.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. செங்கற்பட்டில் ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களில் நிலமற்றவர்களும், தலைமுறை தலைமுறையாக ஆண்டைக்குக் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்களும் இருந்தார்கள். 1858-இல் சென்னை அரசு இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டம் கரை காக்கும் வேலையை அபராதத்தின் பெயரால் வாங்கியது. குடிமராமத்து என்ற இனிய சொல்லின் உள்ளே இத்தகைய கசப்புகளும் உண்டு. ஆயினும் கரை உடைந்தால் தன் வயலும் போகும் என்ற பிணைப்பு இங்கிருந்தது. தீவில் அது இருக்கவில்லை.

*

1836 ஜூலையில் சார்லஸ் டார்வின் சில நாட்கள் செயின்ட் ஹெலினாவில் தங்கினார். காலை முதல் மாலை வரை தீவைச் சுற்றி நடந்தார். அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு முதியவர். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். பாறைகளுக்கிடையே ஒவ்வோர் அடியும் அவருக்குத் தெரியும் என்று டார்வின் எழுதுகிறார். அவர் அடிமையாக இருந்தவர். தாம் அடிமையாயிருந்த நாட்களைப் பற்றி அவர் இயல்பாகப் பேசியது டார்வினுக்கு வியப்பாக இருந்தது. இருவருக்குமான உணவையும், கீழ்ப் பள்ளத்தாக்குகளின் நீர் உப்பாக இருப்பதால் ஒரு கொம்பு நிறைய நல்ல நீரையும் அவர் சுமந்து வந்தார்.

காட்டை அழித்தவை ஆடுகள். ஆனால் அந்த ஆடுகளின் பின்னே திரிந்த சிறுவன்தான் பிற்காலத்தில் மலையை அறிந்தவனாக நின்றான். பீட்சனின் நூலைக் கையில் வைத்திருந்த இயற்கை அறிவியலாளருக்கும் அச்சிறுவனின் கால்களே வழி காட்டின. டார்வின் அவர் பெயரை எழுதி வைக்கவில்லை.

அந்த அறிவு அவரோடு போய்விடவில்லை என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தீவின் மேற்பகுதியை ஆக்கிரமித்தது நியூசிலாந்துச் சணல். அஞ்சல் பைகளுக்கும் கட்டுக்கயிறுக்கும் அதன் நாரைத் தீவு ஏற்றுமதி செய்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும் 1966-இல் ஆலைகள் மூடப்பட்டன. சணல் மட்டும் மலையில் நின்றது. தீவின் தாவரங்களில் பல மறைந்துவிட்டன என்றே அறிஞர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். 1980-இல் குவென்டின் குரோங்க் என்ற தாவரவியலாளரும், ஜார்ஜ் பெஞ்சமின் என்ற தீவின் மைந்தரும் ஒரு செங்குத்துப் பாறையில், நூறாண்டுக்கு மேலாக அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கருங்காலியின் இரண்டே இரண்டு புதர்களைக் கண்டார்கள். ஜார்ஜின் சகோதரர் கயிற்றில் தொங்கி இறங்கி ஒட்டுக்கட்டைகளை எடுத்து வந்தார். இன்று தீவில் வளரும் ஆயிரக்கணக்கான கருங்காலிச் செடிகள் அவ்விரு புதர்களின் வழித்தோன்றல்கள்.

எல்லாம் அப்படித் தப்பவில்லை. இலந்தைக் குடும்பத்தைச் சேர்ந்த 'செயின்ட் ஹெலினா ஆலிவ்' மரத்தின் கடைசி ஒன்றையும் 1977-இல் ஜார்ஜ் பெஞ்சமின்தான் கண்டார். அது 1994-இல் பட்டது. அதிலிருந்து வளர்த்த கன்றும் 2003-இல் போயிற்று. அவ்வினம் இனி இல்லை. எந்தப் பாறையில் என்ன நிற்கிறது என்றறிந்த ஒருவர் இருந்தும் இவ்வளவுதான் இயன்றது. அப்படி ஒருவரும் இல்லாதிருந்தால் இதுவும் இயன்றிராது.

1996-இல் டயானா சிகரத்தைச் சுற்றிய மேகக்காடு தேசியப் பூங்காவாயிற்று. 2000-இல் பெருங்காடு இருந்த இடத்தில் தீவு மக்களே கம்வுட் கன்றுகளை நட்டு 'மில்லேனியம் காடு' ஒன்றைத் தொடங்கினார்கள். 2017-இல் பயணிகள் விமானம் வரத் தொடங்கியபின் நடப்பவர்களும் ஓடுபவர்களும் மிகுந்தார்கள். நாம் முன்பு சொன்ன 699 படிகள், 1829-இல் ஜேம்ஸ்டவுனுக்கும் மேலே உள்ள கோட்டைக்கும் இடையே சரக்கு இழுக்கப் போட்ட சாய்தளத்தின் எச்சம். அப்பாதையில் ஏறிய சரக்குகளில் மேட்டு வயல்களுக்கான எருவும் ஒன்று. எரு ஏறிய வழியில் இன்று பதக்கத்துக்காக ஓடுகிறார்கள். இதில் இழிவு ஒன்றுமில்லை. பாதை ஒரு பயனை இழந்து இன்னொன்றைப் பெற்றால்தான் உயிரோடிருக்கும்.

*

வட அட்லாண்டிக்கில் உள்ள மதேரா தீவு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஓடுபவர்கள் கொண்டாடும் தடங்கள் பெரும்பாலும் 'லெவாதா' எனப்படும் நீர்வாய்க்கால்களின் கரைகள். மழை மிகுந்த வடசரிவிலிருந்து வறண்ட தென்சரிவின் கரும்புக்கும் திராட்சைக்கும் நீர் கொண்டுபோகப் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மலையைக் குடைந்து வெட்டப்பட்டவை. வெட்டியவர்களில் அடிமைகளும் தண்டனைக் கைதிகளும் உண்டு. வாய்க்காலை ஒட்டி ஓரடி, இரண்டடி அகலத்தில் ஒரு நடைபாதை விடப்பட்டது. நீரைத் திருப்பிவிடும் 'லெவாதேரோ' நாள்தோறும் நடந்து இலைகளை அகற்றவும் கசிவை அடைக்கவும் அது தேவைப்பட்டது. நம் நீர்க்கட்டிக்கு அவர் அட்லாண்டிக் தம்பி. அத்தீவின் லாரல் காடு 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. 2008 முதல் தீவைக் குறுக்கே கடக்கும் நெடுந்தூர மலையோட்டம் நடக்கிறது. காட்டைக் காப்பவர்கள் வாய்க்காலையும் நீர் திருப்புபவரையும் அப்புறப்படுத்திவிட்டு ஓடுபவரை அழைக்கவில்லை. வாய்க்காலில் நீர் இன்னும் ஓடுகிறது.

*

பிள்ளைப்பாக்கம் இன்று ஒரு சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே வெளியுலகுக்குத் தெரிகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகளின் நிரை விரிந்து இங்கும் வந்து சேர்ந்தது. ஆனால் பாக்கம் என்ற ஈறு நீர்நிலையை அண்டிய ஊர்களைக் குறிப்பது. ஊருக்கு ஏரி உண்டு. அதன் மிகை நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போவது. 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, மேலே உள்ள ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அதில் இருந்தது. சென்னைக்காரர் பலரும் அன்றுதான் இப்பெயர்களைக் கேள்விப்பட்டார்கள்.

ஏரி அழிந்துவிடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2007-இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், நீர்ப்பரப்பின் எல்லையை அளந்து காக்கும்படி சொல்கிறது. ஆனால் ஏரி என்பது நீர்ப்பரப்பு மட்டுமன்று. வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், கரை, மேய்க்கால், வண்டிப்பாதை, களத்துக்கும் வயலுக்கும் போகும் ஒற்றையடித் தடம் எல்லாம் சேர்ந்ததே ஏரி. தொழிற்பயன்பாட்டுக்கான 1997-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பட்டா நிலம் எடுக்கப்படும்போது உடையவருக்கு இழப்பீடு உண்டு. வண்டிப்பாதைக்கு உடையவர் யார்? புறம்போக்கு என்று கணக்கில் இருந்த தடம் வகைமாற்றமாகி ஒரு சுற்றுச்சுவருக்குள் போய்விட்டால், இழப்பீடு கேட்டு வர ஒருவரும் இல்லை. ஆயக்கட்டு வயல் போனபின் மதகைத் திறப்பவருக்கு வேலை இல்லை. அவர் நடக்காத கரையில் சீமைக் கருவேலம் நடக்கிறது.

இன்று இத்தொழிற்சாலைப் பகுதியின் ஏரிக்கரைகளில் விடியற்காலையில் நாம் காண்பவர்கள் இருவகை. எஞ்சிய ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லும் முதியவர்கள் சிலர். இரவு முறை முடித்தோ பகல் முறைக்கு முன்போ ஓடும் இளைஞர்கள் சிலர். காவல் பணித் தேர்வுக்கு உடலைத் தயார் செய்யும் ஊர்ப் பிள்ளைகளும், பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருப்போரும் அவர்களுள் அடக்கம். வேகமாக ஓட இடம் வேண்டும். நெடுஞ்சாலையில் கொள்கலன் லாரிகள் ஓடுகின்றன. ஆகவே கரைக்கு வருகிறார்கள். முதியவர் போட்ட தடத்தில் இளைஞர் ஓடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர்.

இதைச் சிறிய செய்தியாக நாம் கருதவில்லை. நீர்நிலைகளைக் காப்பது பற்றிப் பேசும் திட்டங்கள் பெரும்பாலும் கம்பிவேலியில் தொடங்கிப் பொழுதுபோக்குப் பூங்காவில் முடிகின்றன. வேலி போட்டால் ஆடு வராது என்பது உண்மையே. ஆட்டை அகற்றாமல் செயின்ட் ஹெலினாவில் ஒரு மரமும் மீளவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் கடல் நடுவே ஆடறியாத செடிகள் வளர்ந்த தீவும், ஆடும் மாடும் மனிதரும் மிதித்து மிதித்தே இறுகிய ஏரிக்கரையும் ஒன்றல்ல. எங்கே எந்தக் காலடி கேடு, எங்கே எந்தக் காலடி காவல் என்று பிரித்தறிவதே பாதுகாப்பின் அரிச்சுவடி. அதை அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்த்த முதியவரும் ஜார்ஜ் பெஞ்சமினும். இங்கே நீர்க்கட்டியும் வேடந்தாங்கல் ஊராரும்.

2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றெல்லையை மூன்றாகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஏரிக்காகக் குரல் கொடுக்கப் பல தலைமுறைகளாகக் கரையில் நடந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களின் ஏரிகளுக்குப் பறவைகளால் வந்த புகழும் இல்லை, பழைய கவுலும் இல்லை. அவற்றுக்கு மிஞ்சியிருப்பது கரைமேல் ஒரு தடம். வயலுக்காக நடந்தவர் ஓய்ந்த இடத்தில் உடலுக்காக ஓடுபவர் வந்திருக்கிறார். மதகு எது, கலங்கல் எது, மழைக்காலத்தில் கரை எங்கே கசியும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லிக்கொடுக்கக்கூடியவர் ஆட்டோடு அதே கரையில் நின்றுகொண்டிருக்கிறார். இவ்விருவரும் பேசிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.